பார்வையாளர் நேரம்

"அப்பா, இன்னிக்கும் சோறு அடிப்பிடிச்சிடுச்சு. ஒரு ஆளுக்குச் சமைக்கிற கணக்கு எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது."

இளைய நர்ஸின் கைபேசியிலிருந்து வந்த குரல் அது. படுத்திருந்த பெரியவரின் காதருகே அவள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலது பக்கத்தையும் ஒரே நாளில் பறித்துக்கொண்டு போயிருந்தது.

பார்வையாளர் நேரம். மற்றக் கட்டில்களைச் சுற்றிச் சொந்தபந்தங்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். பழம் உரித்துக் கொடுப்பதும், காலைப் பிடித்துவிடுவதும், டாக்டர் என்ன சொன்னார் என்று ஆளுக்கு ஆள் கேட்பதுமாக ஒரே இரைச்சல். சுவரோரம் இருந்த இந்தக் கட்டிலின் ஸ்டூலில் மட்டும் யாரும் உட்காரவில்லை. பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

"குழாய் இன்னும் ஒழுகிட்டுதான் இருக்குப்பா. துணி சுத்தி வெச்சிருக்கேன். வீட்ல அந்தச் சத்தம்தான் எனக்குத் துணை."

பெரியவரின் மூடிய இமைகள் அசைந்தன.

"என்ன நடக்குது இங்க?"

பெரிய சிஸ்டர்! அன்றுதான் இந்த வார்டுக்கு மாற்றலாகி வந்தவர். அவர் உள்ளே நுழைந்தால் கட்டில் விரிப்புகள்கூடத் தாமாகவே சுருக்கத்தை நீவிக்கொள்ளும் என்று பழைய வார்டில் பேச்சு.

"டியூட்டி நேரத்துல போனா?"

"எனக்கில்ல மேடம், இவருக்கு. யார் ஊட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கிறார். சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிறார். மனசு விட்டுப் போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டார். இந்தக் குரலைக் கேட்டாத்தான் நாலு வாய் உள்ள இறங்குது."

"பையனா?"

"அது வந்து மேடம்..."

"அதான் அப்பா அப்பான்னு உருகுறது காதுல விழுதே. வெளியூர்ல இருக்காரா?"

"உள்ளூர்தான் மேடம். ஆனா..."

"உள்ளூரா? குடு இப்படி!"

போன் கைமாறியது.

"ஹலோ! நான் வார்டு இன்சார்ஜ் பேசறேன். உள்ளூர்ல இருந்துக்கிட்டு போன்லயே பாசத்தைக் கொட்டினா ஆச்சா? ஒரு எட்டு வந்து பாக்கக் கூடாதா?"

பெரிய சிஸ்டர் போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். அந்த வார்டுக்குள்ள காலெடுத்து வைக்க எனக்கு மனசு வரல."

"ஓ! உங்களுக்கு மனசு வரல. அவர் மட்டும் ஆசைப்பட்டா இங்க வந்து படுத்திருக்கார்? நாளையிலேருந்து இந்த போன் பேச்செல்லாம் கிடையாது. பேசணும்னா நேர்ல வாங்க."

"ஐயோ, நிறுத்திடாதீங்க மேடம். வேலை முடிஞ்சு வந்தா நான் வாயைத் திறந்து பேசறதே இந்தக் கொஞ்ச நேரம்தான். நான் வந்தா... அவர் என்னை ஏத்துக்குவாரா?"

"நல்ல கேள்வி கேட்டீங்க. முதல்ல புறப்பட்டு வாங்க!"

பெரிய சிஸ்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"மேடம், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ ஒண்ணும் பரிஞ்சு பேச வேண்டாம். இந்த மாதிரி பிள்ளைங்களை நான் நிறையப் பாத்தாச்சு. போய் அந்தக் கட்டில்ல டிரிப்ஸ் முடிஞ்சுதான்னு பாரு."

இளைய நர்ஸ் டிரிப்ஸ் பார்க்கப் போனாள்.

பார்வையாளர் நேரம் முடியும் சமயத்தில் வார்டு வாசலில் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். நடுத்தர வயது. அவசரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். எல்லாரும் வெளியே வந்துகொண்டிருக்க, அவர் மட்டும் உள்ளே வரவா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி ஒரு வழியாக வந்து சேர்ந்தார்.

"எந்தக் கட்டில் சிஸ்டர்?"

பெரிய சிஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது.

"ரொம்ப நல்லா இருக்கு! பெத்த அப்பா எந்தக் கட்டில்ல இருக்கார்னுகூடத் தெரியாதா?"

அவர், இளைய நர்ஸ் கைகாட்டிய பக்கம் நடந்தார். பெரியவர் சுவரைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். வந்தவர் அவருடைய தோளைத் தொட்டார்.

"அப்பா."

தலை மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. கண்கள் திறந்தன. இடது கை துழாவிக்கொண்டு வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த பிடியை விடவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல் வந்தவர் விசும்பி அழுதார். பெரிய சிஸ்டருக்கே கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா? நாங்க என்னதான் விழுந்து விழுந்து பாத்தாலும் பெத்த பிள்ளை கை பட்ட மாதிரி வருமா? இனிமே தினமும் வந்துடுங்க."

"வரலாமா மேடம்? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"சொந்த அப்பாவைப் பாக்க யாரைக் கேக்கணும்?"

அவர் இளைய நர்ஸைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க அப்பா போன மாசமே இந்த வார்டுல தவறிட்டார் மேடம். நான் வர முடியாத நாள்ல இந்த சிஸ்டர் போன்லதான் அவரோட பேசுவேன். அவர் போனப்புறமும் ஒரு நாள் அந்த நேரத்துக்குக் கை தானா இந்த சிஸ்டர் நம்பரைப் போட்டுடுச்சு. இவங்கதான், 'ரோட்டுல விழுந்து கிடந்த ஒருத்தர் இங்க இருக்கார், தேடி வர ஒரு நாதி இல்ல, அவர்கிட்ட பேசறீங்களா'ன்னு கேட்டாங்க" என்றார் அவர், கையை விடுவித்துக்கொள்ளாமலே. "இவர் முகத்தையே இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன்."