நாக்குக்கு இஸ்திரி

"மாடு கட்டுற இடத்துக்கு என்ன பேரு சொல்வீங்க, ஐயா?"

"ஏன் கண்ணு, அதுகூடத் தெரியாமயா ஒன்னய வேலைக்கு வச்சிருக்காக?" என்று சிரித்துவிட்டுத்தான் பதிலைச் சொன்னார் கிழவர் ஆமோஸ்.

மேவிஸுக்குப் புல்லரித்தது. இந்த உச்சரிப்பு லண்டனில் ஒருவர் வாயிலும் வராது. ஒலிக்குறிகளில் அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டுக்கொண்டாள்.

ஒவ்வொரு ஊரின் ஆங்கிலத்தையும் கலப்படமில்லாமல் எழுதி வருவது அவள் வேலை. பேசுகிறவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும். இந்த யார்க்‌ஷயர் கிராமத்தில் மூன்று நாளாக அப்படி ஓர் ஆள் சிக்கவில்லை. இன்றும் வெறுங்கையோடு திரும்பினால் வேலை போய்விடும். நல்லவேளையாகத் தபாலாபீஸ் அம்மாள் கை காட்டினாள்.

"மேட்டு வீட்டுக்குப் போ. அங்கனயே பொறந்து, மலையத் தாண்டாத உசுரு ஒண்ணு இருக்கு."

"தாங்கள் தேநீர் அருந்துகிறீர்களா?" என்று தட்டோடு வந்தாள் கிழவரின் மனைவி ஹெஸ்டர். வானொலியில் செய்தி வாசிப்பது போலப் பேச்சு.

மேவிஸுக்குப் பகீரென்றது. இதைக் கேட்டுக் கிழவரும் திருத்தமாகப் பேச ஆரம்பித்தால் எல்லாம் பாழ். பெண்களிடம் கேட்காதே, வெளியாளைக் கண்டால் நாக்குக்கு இஸ்திரி போட்டுவிடுவார்கள் என்று பேராசிரியர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தீங்கன்னா நல்லது."

ஹெஸ்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அப்புறம் ஆமோஸ் அவிழ்த்துவிட்டார் பாருங்கள். சோம்பேறிக்கு ஒன்பது பெயர், முட்டாளுக்குப் பதினொன்று. எழுதி எழுதி மேவிஸுக்கு விரல் வலித்தது. சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது. வேலை தப்பியது, சம்பளம்கூட உயரலாம்.

"கடைசிக் கேள்வி, சும்மா சம்பிரதாயத்துக்கு. இந்த வீட்டுல நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

"நானா? நான் லண்டன்காரன், கண்ணு. இவளக் கட்டிக்கிட்டு இங்க வந்து நாப்பத்தொரு வருஷமாச்சு. இங்கனயே பொறந்தவ அவதான்."

மேவிஸ் தான் போட்ட நட்சத்திரத்தைப் பார்த்தாள். "அப்ப இவ்வளவு நேரம் நீங்க சொன்னதெல்லாம்?"

"அம்புட்டும் அவகிட்ட நான் வாங்குன திட்டு."

அடுப்படிக் கதவு படாரென்று திறந்தது. கரண்டியோடு வந்து நின்ற ஹெஸ்டர், "அடப் போக்கத்தவனே, வந்த புள்ளகிட்ட குடும்ப மானத்தக் கப்பலேத்துறியா?" என்று தொடங்கி, முட்டாளுக்குப் பன்னிரண்டாவது பெயரைச் சொன்னாள்.

மேவிஸ் அவசர அவசரமாகப் புதுப் பக்கம் புரட்டினாள்.