வெள்ளிக்கிழமைச் சந்தேகம்

"அண்ணே, கையெடுத்துக் கும்பிடறேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காதீங்க."

இயக்குநரே இப்படிக் கெஞ்சுவதைப் பார்த்துக் கல்லுக்காரர் சிரித்தார். அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; துறைதான் பெயர். பாறைகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர் கல்லுக்காரர். மீன்களை ஆராய்ந்தவர், இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் மீன்காரர்தான்.

"நான் என்னப்பா பெரிசா கேட்டுடப் போறேன்?"

"அதாண்ணே பயமே. பெரிசா கேட்டாலும் பரவாயில்லையே!"

மீன்காரரின் பயத்தில் நியாயம் இருந்தது. தலைமையகத்திலிருந்து நிர்வாக அதிகாரி வந்திருந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டம் இனி உண்டா, இல்லையா என்பது இன்று முடிவாகிவிடும்.

"மீனைப் படிக்கிறவருக்கு நட்சத்திரம் எதுக்கு சார்? அவங்கவங்க துறைக்குள்ள பேசிக்கட்டும். கூட்டம் நடக்கிற ஹாலைத் தடுத்து நாலு அறை போட்டுடலாம்" என்று அவர் போனிலேயே சொல்லியிருந்தார்.

அந்த ஹாலைத் தடுப்பதா!

எப்படிப்பட்ட வெள்ளிக்கிழமைகள்! வாரம் ஒரு துறை பேசும், மற்ற துறைகள் கேட்கும். பேசுகிறவரின் சொந்தத் துறைக்காரர்கள் கேள்வி கேட்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். வேதியியல்காரர்கள் கண்ணாடிக் குடுவையில் டீ குடிப்பார்கள். முதல் நாள் அதில் என்ன கொதித்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. ஒருத்தர் எறும்புகள் வழி கண்டுபிடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கணக்குக்காரர் துள்ளி எழுந்து கரும்பலகைக்கே ஓடிவிட்டார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

மீன்காரருக்கு மனைவி கிடைத்ததும் அந்த ஹாலில்தான். தாவரத் துறை. வேர்களைப் பற்றி அந்த அம்மாள் பேசியபோது இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு வீட்டில் இன்னும் பதில் வந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு நல்ல விருந்தில் ஒரே ஒரு கல், கல்லுக்காரரின் சந்தேகம். யார் பேசினாலும் நடுவில் எழுந்து நிற்பார். "அணுன்னா எவ்வளவு பெரிசு இருக்கும்?" "அப்போ திமிங்கலம் மீன் இல்லையா?" ஹாலே சிரிக்கும். வெட்கமே இல்லாமல் அவரும் கூடச் சிரிப்பார்.

கூட்டம் தொடங்கியது. கிருமித் துறையிலிருந்து ஒரு பெண் பேசினார். கெட்டிக்காரப் பெண்தான், ஆனால் வாயா, ரயிலா என்று தெரியாத வேகம். படத்துக்குப் படம் தாவிக்கொண்டே போனார்.

அதிகாரி முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

போச்சு! மீன்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வைரஸ், பாக்டீரியான்னு மாத்தி மாத்திச் சொல்றீங்களே. ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் கல்லுக்காரர்.

ஹால் சிரித்தது. அந்தப் பெண் படத்தை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார்.

"இல்லைங்கய்யா. பாக்டீரியா குடும்பஸ்தன். தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கும். வைரஸுக்குச் சொந்தமா அடுப்புகூடக் கிடையாது. அடுத்தவங்க வீட்டுக்குள்ள புகுந்து, அவங்க அடுப்பிலேயே தனக்கு ஆக்கிப் போடச் சொல்லும்."

"அட, என் மச்சானேதான்!"

சொன்னது அதிகாரி. போன் சட்டைப்பைக்குள் போயிருந்தது. "அதனாலதான் சில காய்ச்சலுக்கு டாக்டர் ஆன்டிபயாடிக் தர மாட்டேங்கறாராம்மா?"

"அதேதான் சார். அது பாக்டீரியாவுக்குத்தான் கேட்கும்."

அப்புறம் அதிகாரியை நிறுத்த முடியவில்லை. கணக்குக்காரர் வழக்கம்போலக் கரும்பலகைக்குப் போனார். குடுவைகளில் டீ ஆறிப் போனது. பழைய வெள்ளிக்கிழமை ஒன்று திரும்பி வந்ததாகவே மீன்காரருக்குத் தோன்றியது.

கிளம்பும்போது அதிகாரி மீன்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹாலைத் தொட வேண்டாம் சார். அடுத்த வாரம் யார் பேசறாங்க?"

ஹால் காலியானது. நாற்காலிகளை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்த நட்சத்திரக்கார அக்காவிடம் மீன்காரர் பொருமினார். வானத்தை ஆராய்கிற அந்த அக்கா, இவருக்கு முன்பே அங்கே சேர்ந்தவர்.

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்க்கா, தப்பிச்சோம். அவ்வளவு கெஞ்சியும் கேட்டுட்டாரே! இத்தனை வருஷம் இங்கே உட்கார்ந்த மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது?"

"யாருக்கு, கல்லுக்காரருக்கா? அந்தப் பொண்ணோட கட்டுரையைப் போன மாசம் வரி வரியா பார்த்துத் திருத்திக் கொடுத்ததே அவர்தான் தம்பி."

மீன்காரர் விழித்தார். "அப்புறம் எதுக்கு நாலு பேர் சிரிக்கிற மாதிரி கேட்கணும்?"

"நானும் இதைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கேன். நான் பேசிக்கிட்டிருக்கும்போது எழுந்து, ஒளியாண்டுன்னா என்னன்னு கேட்டு என் மானத்தை வாங்கினார். உங்களுக்கா தெரியாதுன்னு வெளியில வந்து கத்திட்டேன்."

"என்ன சொன்னார்?"

அக்கா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"'எனக்குத் தெரியும்மா. புதுசா வந்திருக்கானே மீன்காரத் தம்பி, அவன்தான் ஒண்ணும் புரியாம, கேட்கவும் கூச்சப்பட்டுக்கிட்டு முழிச்சுக்கிட்டிருந்தான்'னார்."