பாப்பா எப்படி இருக்கா?

வெர்னரும் ரீனெட்டும் ஜோகன்னஸ்பர்க்கை விட்டு, காரூ வறண்ட வெளியில் இருக்கும் எங்கள் சின்ன ஊருக்குக் குடிவந்தார்கள். வெர்னருக்கு ஆட்டுப்பண்ணையில் மேலாளர் வேலை. குழந்தை இல்லையே என்ற விசாரிப்புகளுக்குப் பயந்துதான் ரீனெட் ஊர் மாறச் சம்மதித்தாள்.

முதல் நாள் கூட்டுறவுக் கடையில், கல்லாவில் இருந்த மக்டா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"எங்களுக்குக் குழந்தை இல்லீங்க."

மக்டா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் கறிக்கடைக்காரரும் அதையே கேட்டார். ஞாயிறன்று தேவாலய வாசலில் போதகரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருமல் நின்னுடுச்சா அவளுக்கு?"

"யாருக்கு? எங்களுக்குக் குழந்தையே கிடையாதும்மா."

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. "அப்படிச் சொல்லாதடி. அவ காதுல விழப்போகுது."

அதன்பின் ரீனெட் வெளியே போவதையே குறைத்துக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை தீவன மூட்டை வாங்க வெர்னரோடு போனபோது, மக்டா தயங்கித் தயங்கி மறுபடியும் கேட்டாள். வெர்னர் முந்திக்கொண்டான்.

"தேவலை. இப்பதான் தூங்கினா."

மக்டாவின் முகம் மலர்ந்தது.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று வண்டியில் ரீனெட் அழுதாள்.

"பின்ன என்ன, ஊரோட தினம் சண்டை போடவா?"

வீட்டுக்கு வந்ததும் வெர்னர் மூட்டையோடு உள்ளே நுழைந்து, வலைக்கதவைப் பின்னால் அப்படியே விட்டான். அது படீரென்று அடிப்பதற்குள் ரீனெட் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா," என்று கிசுகிசுத்தாள்.

இருவரும் அசையாமல் நின்று, உள் அறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.