மீசைக்கார மீன்கள்

"இன்னிக்கும் எழுந்திருக்கலைங்க. ஒரு வாய் சாப்பிடலை. மூலையில அப்படியே கிடக்கறாங்க மூணு பேரும்" என்று போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னார் லிப்ட் மெக்கானிக்.

"மீசை எப்படி இருக்கு?" என்றது மறுமுனை.

"பாதி கரைஞ்சு போச்சு."

மறுமுனையில் இருந்தவர் மீன்கடைக்காரர். மூலையில் கிடந்தவை மூன்று குட்டிக் கெளுத்தி மீன்கள். தொட்டி வாங்கி மூன்றே வாரம்தான் ஆகிறது. வாங்கிய நான்கில் ஒன்று முதல் வாரக் கடைசியிலேயே செத்து மிதந்துவிட்டது.

எட்டு மாடி லிப்ட் பாதியில் நின்றால், ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு போய் அரை மணியில் கிளப்பிவிட்டு வருகிற மனிதர் அவர். கட்டைவிரல் அளவு மீன்கள் மூன்று அவரைக் கதிகலங்க வைத்திருந்தன.

"புதுத் தொட்டி சார், தண்ணி இன்னும் பழகலை. மேல ஓடற மீனுக்கெல்லாம் ஒண்ணும் தெரியாது. கெட்டது எல்லாம் கீழதானே போய்த் தங்கும்? அடியில மேயறதுங்கதான் முதல்ல படுக்கும்."

"நீங்க சொன்னதை எல்லாம் செஞ்சுட்டேங்க. கூழாங்கல்லை அள்ளி எடுத்துட்டு நைசு மணல் போட்டேன். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணி மாத்தறேன். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணியில காட்டறதே இல்லை. இன்னும் என்னதாங்க பண்ணச் சொல்றீங்க?"

"தீனி ஏதும் மிச்சம் கிடக்குதா பாருங்க."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். அவர் போடுவது பச்சை நிறத் தீனி வில்லை. மணலில் அங்கங்கே வெள்ளையாக, மாவு கரைந்தாற்போல் ஏதோ படிந்திருந்தது. "வெள்ளையா ஏதோ இருக்குங்க."

"தீனி மிஞ்சிப் பூஞ்சை பிடிச்சிருக்கும். இன்னும் குறைச்சுப் போடுங்க."

குறைத்துக் குறைத்து ஒரு நாளைக்கு ஒரு வில்லை என்று ஆகியிருந்தது. இதற்கு மேல் எங்கே குறைப்பது? போனை வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வெறும் மீனாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பார். அவை அவருடைய ஏழு வயது மகளின் மீன்கள். ஊரையே கலக்கியதால் 'வாலு' என்று பெயர் வாங்கியவளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு, முகமும் காலும் வீங்கிப்போய், பள்ளிக்கூடமும் ஓட்டமும் நின்றுவிட்டன. வீட்டில் பொழுது போகட்டும் என்றுதான் தொட்டி வாங்கினார்.

கடையில் அத்தனை வண்ண மீன்கள் இருக்க, அவள் இந்த மண்ணாங்கட்டி நிறத்து மீன்களைத்தான் கைகாட்டினாள். "மத்ததெல்லாம் ஓடுதுப்பா. இதுங்கதான் என்னை மாதிரி உக்காந்தே இருக்கு."

முதல் மீன் செத்த அன்று, "இதுங்களுக்கு மருந்து இல்லையாப்பா?" என்று கேட்டாள்.

"மீனுக்கெல்லாம் யாரும்மா மருந்து குடுக்கறாங்க? தானாத்தான் தேறணும்" என்று சொல்லிவைத்தார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மனைவிக்குக் காலை ஷிப்ட், இவருக்கு மதியம். அதனால் காலை மாத்திரை இவர் பொறுப்பு. மூன்று வெள்ளை மாத்திரைகள், மூன்றும் எட்டிக்காய்க் கசப்பு. முதல் வாரம் வீட்டை ரெண்டாக்கிய பிறகே விழுங்கினாள். பிறகு எப்படியோ சமர்த்தாகிவிட்டாள். கையை நீட்டி வாங்கிக்கொண்டு தொட்டி முன்னால் போய் உட்காருவாள். அவர் அடுப்பில் பாலை இறக்கிவிட்டு வருவதற்குள் கையும் டம்ளரும் காலி. இதிலாவது தொல்லை விட்டதே என்று நினைத்துக்கொள்வார்.

போன் மறுபடி அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர்.

"டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு. முதல் வாரம் வீக்கம் நல்லா வடிஞ்சுது. அப்புறம் ரெண்டு வாரமா ஏறிக்கிட்டே இருக்கு. மாத்திரைக்குக் கட்டுப்படலை. நாளைக்கே அட்மிட் பண்ணுங்க. கிட்னியில ஊசி விட்டுத் துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு, பலமான மருந்து ஆரம்பிக்கணும்."

"ஒருவேளைகூடத் தவறாமக் குடுத்தேன் டாக்டர்."

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்? சில குழந்தைகளுக்கு இப்படித்தான்."

மெக்கானிக் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சின்ன உடம்பில் ஊசி விடப்போவதை நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணும் கருத்துமாகப் பார்த்தும் மகளும் தேறவில்லை, மகளின் மீனும் தேறவில்லை. முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வாலு, நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம்மா. கொஞ்ச நாள் அங்கயே இருக்கணும்."

அவள் அழுவாள் என்று பயந்தார். அழவில்லை. தொட்டியைப் பார்த்தபடி, "அப்போ மாத்திரை யாருப்பா குடுப்பா?" என்றாள்.

"அங்க நர்ஸ் அக்கா இருப்பாங்க. அவங்க குடுப்பாங்க."

"எனக்கில்லைப்பா, இவங்களுக்கு."

"அந்தப் பச்சை வில்லைதானே? நான் தினம் போட்டுடறேன்."

"அது தீனிப்பா. நான் என்னோட மாத்திரையைச் சொல்றேன். மீனுக்கு யாரும் மருந்து குடுக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்னே? அதான் நான் குடுக்கறேன்."

மெக்கானிக் மணலில் படிந்திருந்த வெள்ளையைப் பார்த்தார். "அப்போ... நீ சாப்பிடறது?"

வாலு வீங்கிய முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"இருக்கறதே மூணு மாத்திரைதானேப்பா? இவங்களே மூணு பேரு."