விட்ட இடம்

"இதுல பழசெல்லாம் வருமா தம்பி?"

கண்ணாடிப் பலகையின் மேல் இருந்த மூன்று பெட்டிகளைப் பற்றியும் அவள் இந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். மூன்றும் சோப்பு டப்பா அளவுதான். டிவியில் செருகிவிட்டால் படம், பாட்டு, தொடர் எல்லாம் வரும்.

கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். விலை குறைந்ததை முதலில் எடுத்து ஆஹா ஓஹோ என்றார். பென் டிரைவில் இருப்பதையெல்லாம் அது போட்டுக் காட்டுமாம். ஆனால் மாதச் சந்தா கட்டிப் படம் பார்க்கும் கணக்கு எதுவும் அதில் திறக்காதாம். அவள் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

விலை கூடியது, வாயால் சொன்னாலே கேட்குமாம். பெற்ற பிள்ளையே கேட்காத பேச்சை ஒரு பெட்டி கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அதையும் தள்ளிவைத்தாள்.

நடுவில் இருந்ததுதான் கைக்கு அடக்கமான விலை. பழைய கணக்கும் அதில் அப்படியே வருமாம்.

"பழைய கணக்கு எதுக்கும்மா? புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுத் தரேன், முதல் மாசம் இலவசம்."

அவள் தலையை ஆட்டிய வேகத்தைப் பார்த்து அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

துணிப்பையிலிருந்து பழைய பெட்டியை எடுத்து வைத்தாள். மழைக்காலத்து இடியில் கருகிப்போனது. அதன் அடியில் ஒட்டிய டேப்பில் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தன. வீட்டில் இருந்த காலத்தில் மகன் எழுதி ஒட்டியது.

கல்யாண விஷயத்தில் முட்டிக்கொண்டு போனவன், போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். வீம்பில் மட்டும் அம்மாவும் பிள்ளையும் ஒரே அச்சு. ஆனாலும் இந்தக் கணக்கிலிருந்து அவளை அவன் நீக்கவில்லை. மறந்துவிட்டானா, மனசு வரவில்லையா, யார் கண்டது?

அவளுக்குப் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்ததும், முகம்கூடக் கழுவாமல் டிவியைப் போடுவாள். மகன் பாதி பார்த்த படங்கள் வரிசையாக நிற்கும். எதுவரை பார்த்தான் என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிவப்புக் கோடு.

கோடு நகர்ந்திருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறான். சண்டைப் படம் பாதியில் நின்றிருந்தால், பாவம், அசதியில் தூங்கிவிட்டான். நாலு நாள் சேர்ந்தாற்போல் கோடு அசையாவிட்டால் இவளுக்குச் சோறு இறங்காது.

எந்தப் படத்தையும் அவள் போட்டுப் பார்த்ததில்லை. போட்டால் அவன் விட்ட இடம் நகர்ந்துவிடும்.

பெட்டி கருகிய நாளிலிருந்து அவன் எப்படி இருக்கிறான் என்று ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் டிவி இருந்தும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் புதுப் பெட்டியைக் கடை டிவியில் செருகினார். உத்தரவாத அட்டைக்கு அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு டேப்பில் இருந்ததைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். கணக்கு திறக்கவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றியது.

"புதுப் பெட்டின்றதால கணக்குக்காரர் போனுக்குக் கேள்வி போயிருக்கும்மா. எந்த ஊர்ல இருந்து கேக்குறாங்கன்னும் காட்டும். சரின்னு அமுக்கினா திறக்கும், வேணாம்னு அமுக்கினா அவ்வளவுதான்."

இத்தனை காலமும் திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போது கதவைத் தட்டிவிட்டாள். இந்த ஊரில் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பார்த்ததுமே தெரிந்துவிடும்.

வட்டம் சுற்றியது. கடைக்காரர் வேறு ஒருவருக்கு ஒயர் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்போதும் சுற்றியது. வேண்டாம், கழற்றிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

வட்டம் நின்றது. திரை திறந்தது.

அவன்தான் அமுக்கியிருக்கிறான். அவன் விரல்தான். கடையென்றும் பாராமல் அவள் கண் நிறைந்துவிட்டது.

'யார் பார்க்கப் போகிறீர்கள்?' என்று திரை கேட்டது. பழைய பெட்டி இப்படிக் கேட்டதே இல்லை. நேராக அவன் வரிசைக்கே போய்விடும். இதில் ஆளுக்கு ஒன்றாக மூன்று சின்னப் படங்கள் இருந்தன. முதலாவதின் கீழே மகன் பெயர். அடுத்ததில், எந்தப் பெண்ணுக்காக அவன் வீட்டை விட்டுப் போனானோ, அவள் பெயர். மூன்றாவது ஒரு குட்டி யானை. அதன் கீழே இவளுடைய பெயர், எழுத்துக்கு எழுத்து.

கடைக்காரர் உத்தரவாத அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா, உங்களுக்குன்னே பையன் தனியா ஒண்ணு போட்டு வச்சிருக்காரு!"

அவளும் அப்படித்தான் நினைத்தாள். அம்மாவை மறக்கவில்லை என்று நெஞ்சு விம்மியது. அவர் யானையை அமுக்கினார்.

வரிசை முழுக்க வாத்தும் முயலும் பந்துகளும். பேச்சே இல்லாத, பாட்டு மட்டுமே உள்ள பொம்மைப் படங்கள். பேருந்தில் வரும் பிள்ளைகளிலேயே சின்னதுகூட இதை, 'ஐயே, பாப்பா பாக்குறது' என்று சொல்லிவிடும். இன்னும் பள்ளிக்கூடம் போகாத, வாயில் பேச்சு வராத பிள்ளைக்கானது.

வாத்துப் படத்தின் அடியில் சிவப்புக் கோடு பாதியில் நின்றிருந்தது.

அவள் திரைக்குப் பக்கத்தில் போய், யானையின் கீழே இருந்த தன் பெயரை மறுபடி படித்தாள்.

"வேற எதையோ அமுக்கிட்டேன் போல" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் ரிமோட்டைத் தூக்கினார். "சும்மா இந்த வாத்தையே ஓட்டிப் பாப்போமா, படம் எப்படி வருதுன்னு?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி, தொடாதீங்க. அவ விட்ட இடம் நகந்துடும்."