பொறுப்பாளர் யார்?

தேர்தல் வந்ததும் மேலப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு, கேட்டால் கட்சிகளின் வாக்குறுதிகளை ஒப்பிட்டுச் சொல்லும் ஒரு பேசும் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். அதனிடம் கேட்கப் பாத்துமுத்துவுக்கு ஒரே கேள்விதான் இருந்தது. விசாரணை முடியாமலே சிறையில் நரைத்துப்போன அவள் கணவர் உதுமானை எந்தக் கட்சி வெளியே விடும்?

"மூன்று கட்சிகளுமே விடுவதாகச் சொல்கின்றன, அம்மா," என்றது பெட்டி.

"அப்ப வித்தியாசமே இல்லையா?"

"உண்டு. முதல் கட்சித் தலைவர் வெள்ளைத் தொப்பி போட்டு நோன்புக் கஞ்சி குடித்தார். அடுத்தவர் பச்சைத் தொப்பி. மூன்றாமவர் இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கினார்."

"கஞ்சி நாங்க காய்ச்சுனதுதான். ஆளை எப்ப விடுவாஹ?"

"மூவரும் பேச்சை 'இன்ஷா அல்லாஹ்' என்று முடித்திருக்கிறார்கள். ஆகவே பொறுப்பாளர் என்ற இடத்தில் அல்லாஹ்வின் பெயரைப் பதிந்திருக்கிறேன். கட்சிகளுக்கு அதில் ஆட்சேபம் இல்லை."

பாத்துமுத்து முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "அவன்கிட்ட நான் தினமும்தான் கேக்கேன். நீ உன் வாயால சொல்லு. அவுஹ வருவாஹளா?"



"தெரியாது, அம்மா," என்றது பெட்டி.

இந்தத் தேர்தலில் அவளிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அதுதான். அதற்கே ஓட்டுப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், அது எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை.