கட்டில் அளவுக்கு ஒரு தாள்

கணவர் எதையோ எடுத்துக் கண்ணாடிக்காரியின் காதோரம் கசக்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு வயிறு பற்றி எரிந்தது.

கசக்கியது வெறும் பாலித்தீன் தாள்தான். பாலித்தீன் கடையில் மனுஷர் வேறு எதைக் கசக்குவார்? ஆனால் கல்யாணமான புதிதில் இதே இடத்தில் இவள் காதோரம் கசக்கித்தான் அவர் தொழில் சொல்லிக்கொடுத்தார். சரசரவென்றால் ஹெச்.டி. ரகம், மெத்தென்று சத்தமில்லாமல் மடங்கினால் எல்.டி. ரகம். அந்தப் பாடம் தனக்கு மட்டுமே சொந்தம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

கண்ணாடிக்காரி என்பது, அவள் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து இவளே வைத்த பெயர். கொஞ்ச நாளாக அடிக்கடி வருகிறாள். குரலைத் தாழ்த்தி அவரிடம் ஏதோ சொல்கிறாள். ஒரு கட்டு பை கேட்டு வருகிறவர்களிடமே எரிந்து விழுகிற மனிதர், அவளுக்கென்றால் சலிக்காமல் ரோல் ரோலாக இறக்கிக் காட்டுகிறார்.

"இதைவிடச் சத்தம் போடுறது இருக்கா?" என்றாள் கண்ணாடிக்காரி.

"இருக்கு. மேல் தட்டுல ஒரு ஹெச்.டி. ரோல் கிடக்கு, தொட்டாலே சரசரங்கும்," என்றவர், "கட்டில் எத்தனை அடி நீளம்?" என்று கேட்டார்.

கட்டிலா! கல்லாவில் இருந்தவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது.

அளவைச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகக் கண்ணாடிக்காரி கிளம்பினாள். போகும்போது இவளைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாவம் அந்தப் பொண்ணு. அவங்க வீட்டுல..." என்று கணவர் ஆரம்பித்தார்.

"அவங்க வீட்டுக் கதை எனக்கெதுக்கு? அதான் நீங்க ஒருத்தர் உருகுறீங்களே, போதாதா?"

அவர் இறக்கிய ரோல்களை எடுத்து அடுக்கப் போனார். மத்தியானம் குடோனுக்கு லோடு வந்துவிட்டது என்று ஆள் வந்து சொல்லவே, மேல் தட்டு ரோலில் அளவாக வெட்டிக் கொடுத்துவிடும்படி இவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கையில் பிளேடோடு இவள் தட்டின் முன்னால் நின்றாள். மேல் தட்டில் ஹெச்.டி., கீழ்த் தட்டில் எல்.டி. இரண்டும் ஒரே மாதிரி மங்கல் வெள்ளை. பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது, கையில் எடுத்தால்தான் தெரியும்.

அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. எந்த வேலைக்கு எந்தத் தாள் என்று அவர் சொன்னால் தப்பாது. அந்தப் பெருமை இந்த ஒருத்தியிடம் மட்டும் உடைந்தால் போதும், இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டாள். மனசு ஒரு நிமிஷம் வேண்டாம் என்றது. கட்டில் ஞாபகம் வந்ததும் அந்த மனசும் வாயடைத்துப்போனது.

கீழ்த் தட்டு எல்.டி.யை உருவி வெட்டினாள். நாலாக மடித்து, பழைய பேப்பரில் சுற்றி, நூல் கட்டி வைத்தாள். சாயங்காலம் கண்ணாடிக்காரி வந்து பிரித்துக்கூடப் பார்க்காமல் நெஞ்சோடு அணைத்தபடி வாங்கிப் போனாள். அன்று ராத்திரி இவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் கணவரோடு கடைக்கு வந்தபோது, மூடிய ஷட்டர் முன்னால் கண்ணாடிக்காரி நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்திருந்தது, காலில் செருப்பில்லை. சரக்கு சரியில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, இவள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். ரோல் மாறிப்போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அவள் சண்டை போடவில்லை. கையிலிருந்த போட்டோவை நீட்டினாள். அதில் நரைத்த தலையோடு ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவரை இந்தப் பக்கம் எங்கயாவது பாத்தீங்களா?"

கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்பா மறுபடியும் ராத்திரியில எந்திரிச்சுப் போயிட்டாராம்மா? தன் பேரே ஞாபகமில்லாத மனுஷன் எங்கன்னு போவாரு? மெத்தை மேல அந்தத் தாளை விரிக்கலையா? அவரு அசைஞ்சாலே நீ முழிச்சிருப்பியே."

"விரிச்சேன்ணா. மெத்துன்னுதான் இருந்துச்சு, ஆனா நீங்க பாத்துக் குடுத்ததாச்சேன்னு நம்பி, பக்கத்துலயே படுத்தேன்."

சொல்லிவிட்டு, கண்ணாடிக்காரி இவள் பக்கம் திரும்பி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தமே வரல, அண்ணி."